மலைமேல் வாழ்வு – 9: கும்பிட்டுக் கூனியவர்களா நாம்?

"மச்சான், கும்பிட்டுக் கும்பிட்டே கூனிப்போன சனம்டா நம்மடது. அதைப் போய் பெருமையா எழுதுறியே!"

நம் ஆட்கள் சாமி கும்பிடுவதைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையை வாசித்துவிட்டு டுபாயிலிருந்து சிநேகிதன் அனுப்பிய குரல்பதிவு இது. மலையகத்து நோர்வூட்டில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். இன்று ஒருவன் டுபாயில், ஒருவன் கொழும்பில் புடவைக்கடையில், இன்னொருவன் கனடாவில். கைபேசியில்தான் கூடுகிறோம். தேர்தல், கோயில், பிள்ளைகளின் படிப்பு, சம்பளம் என்று இராத்திரியில் நெடுநேரம் பேச்சு ஓடும். அந்தக் கூட்டத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பழசு'. அதை நான் மறுக்கவில்லை. தாத்தா பாட்டி கட்டிக்காத்ததை விளங்கிக்கொள்ளாமல் கைவிடக்கூடாது என்று நினைப்பவன் நான். இந்த வாரம் அவனுக்குச் சொல்லும் பதிலையே எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்திய வருடம் நடந்த தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. அடுத்த தேர்தலுக்குள் வாக்கே இல்லை. 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாகிரகம் இருந்தும் பார்த்தார்கள். பறித்தது திரும்பி வரவில்லை. பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், 1974இல் சிறிமாவும் இந்திராவும் உட்கார்ந்து 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 6 இலட்சம், இலங்கைக்கு 3 இலட்சத்து 75 ஆயிரம். ஆனால் இந்தியாவுக்குப் போக மனுப்போட்டவர்கள் 5 இலட்சத்து 6 ஆயிரம் பேர்தான். மிச்சம் 94 ஆயிரம் பேர் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. எங்கள் அம்மா அந்த 94 ஆயிரத்தில் ஒருத்தி.

1986 தைப்பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் ஜே.ஆர். ஜெயவர்தனவின் மந்திரிசபையில் இருந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. வேலைநிறுத்தம் என்று அவர் சொல்லவில்லை. காலையில் மலைக்கு இறங்காமல் கோயிலுக்குப் போய், நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று மத்தியானம் வரை சாமி கும்பிடுங்கள் என்றுதான் கேட்டார்.

அம்மா அந்தக் காலையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்பதிவுக்கு, தப்படித்திருக்கிறார்கள். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோலை (வருகைப் பதிவேட்டை) விரித்துக்கொண்டு நிற்க, பெயர் கொடுக்க ஒருத்தரும் இல்லை. கூடையும் இல்லாமல், இடுப்பில் படங்கும் கட்டாமல், குளித்து முழுகி வெளுத்த சேலையோடு பெண்கள் எல்லாரும் மாரியம்மன் கோயிலில். அரைநாள் பேர் (சம்பளம்) போகும் என்று தெரியும். வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்கள் தங்கள் செபத்தைச் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம். "துரை வந்து பாத்தாரு. சாமி கும்பிடுறவங்கள என்னான்னு ஏசுறது? திரும்பிப் போயிட்டாரு" என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

மூன்று மாதத்துக்கென்று திட்டமிட்ட இயக்கம் அது. அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த ஆண்டே 5ஆம் இலக்கச் சட்டம் வந்து 94 ஆயிரம் பேரும் இலங்கைக் குடிகளானார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் எஞ்சியிருந்தவர்களின் கணக்கையும் தீர்த்தன.

கற்பூரம் கொளுத்தியதால் மட்டும் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. வடக்கில் போர் மூண்டிருந்தது. மலையும் கொதித்தால் தாங்காது என்ற பயம் கொழும்புக்கு இருந்தது. இந்தியாவோடு பேச்சும் நடந்தது. ஆனாலும் கேட்கிறேன்: இலட்சக்கணக்கான ஆட்களை ஒரே காலையில், ஒரே நோக்கத்துக்காக, ஒரு கல்லும் எறியாமல் உட்கார வைக்க வேறு எதனால் முடிந்திருக்கும்? தொழிற்சங்கங்கள் பல, தோட்டத்துக்குத் தோட்டம் சண்டை. கோயிலில் மட்டும் எல்லாச் சங்கத்து ஆளும் ஒரே பந்தியில் இருந்தான். சந்தாவுக்கு முணுமுணுத்தவன் கூட கோயில் வரியைச் செக்ரோலில் வெட்டும்போது வாய் திறந்ததில்லை.

காணி நம்முடையதல்ல, லயம் நம்முடையதல்ல, தேயிலை நம்முடையதல்ல. நம்முடையது என்று இருந்தவை சாமியும் சடங்கும்தான். கவ்வாத்து வெட்ட முன்னால் கவ்வாத்துசாமிக்குப் பூசை, ஃபெக்டரி மெஷினுக்குப் பக்கத்தில் ரோதைமுனி என்று, வெள்ளைக்காரன் பிரித்து வைத்த ஒவ்வொரு வேலைத்தலத்திலும் நம் ஆட்கள் தங்களுக்கொரு சாமியை நிறுத்தினார்கள். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டால், பகல் முழுக்க கங்காணியிடம் ஏச்சு வாங்கிய பொடியன் இராத்திரி மன்மதனாக நிற்பான்; அதே கங்காணி அவனுக்குக் கைகூப்புவார். வருடத்தில் சில இராத்திரிகளுக்காவது தோட்டத்தின் மேல்கீழை மாற்றி வைக்கும் அதிகாரம் அந்தக் கூத்துக்கு இருந்தது. இதைக் கூனல் என்று எப்படிச் சொல்வது?

அரசியலில் மாற்றம் வேண்டும் என்கிறான் டுபாய்க்காரன். 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி முதலிடம் பிடித்ததை அவன் கொண்டாடித் தீர்த்தான். நான் தொழிலாளர் காங்கிரஸின் சேவலுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. தலைவர்மார் செய்த பிழைகளை ஊர் அறியும். 2020 மே மாதம் அதன் தலைவர் ஆறுமுகன் தொண்டமானின் சிதை எரிந்தது இதே நோர்வூட் மைதானத்தில்தான். அன்று அழுதவர்களிலும் பலர் 2024 தேர்தலில் வேறு சின்னத்துக்குப் புள்ளடி போட்டிருப்பார்கள். போடட்டும், அது அவர்கள் உரிமை. அம்மாமார் கோயிலில் உட்கார்ந்து வாங்கித் தந்த உரிமை. எனக்குள்ள கவலை வேறு. கட்சியை மாற்றும் வேகத்தில் கோயில் கமிட்டியையும், திருவிழாவையும், சாவு வீட்டில் எல்லாரும் தோள் கொடுக்கும் பழக்கத்தையும் பழைய கட்சியின் உடைமை என்று தள்ளிவிடுகிறார்களே, அதுதான் நோகிறது. கட்சி வருவதற்கு முந்தியே அவை இருந்தன.

கொழும்புச் சிநேகிதன் சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கினான். குடியை விட்டான், வீடு நிமிர்ந்தது. அதற்காக அந்தச் சபைக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் அவனுடைய அப்பா செத்தபோது கொள்ளிச்சட்டியைத் தூக்க மாட்டேன் என்று நின்றான், தம்பி தூக்கினான். லயத்தில் அது இன்னும் ஆறாத புண். அவனிடமே சொன்னேன்: "நீ யாரைக் கும்பிட்டாலும் சரி மச்சான், அப்பனோட கடைசி வழியில் நில்லு." அவன் கோபப்படவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. 86இல் வேதக்காரர்கள் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்த கதையை அவனுக்குச் சொன்னேன். அவர்கள் தங்கள் விசுவாசத்தில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

திருவிழா இராத்திரியில் சாராயப் போத்தல் உருளுவதையும், கரகம் எடுக்க இன்ன ஆள்தான் என்று சாதி பார்ப்பதையும் நான் காக்க வரவில்லை. அவை ஒழிய வேண்டியவை. ஒழிக்கும் வேலையும் கோயிலுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

பழமையைக் காப்பவன் முதலில் கேட்க வேண்டியது காணி. சொந்தமாக ஒரு அடி மண் இல்லாதவன் எதைக் காப்பான்? நோர்வூட்டுக்கு 2017 மே 12ஆம் திகதி வந்த இந்தியப் பிரதமர் மோடி, முன்பு அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் தருவதாகச் சொன்னார். 7 பேர்ச்சஸ் காணியில் தனித்தனி வீடுகள் எழும்பவும் தொடங்கின. லயத்தை விட்டுப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மழைக்கு ஒழுகும் தகரமும் ஒற்றைக் காம்பராவும் காக்க வேண்டிய பழமையல்ல. ஆனால் வீட்டுக்கு உறுதி எழுதும்போது கோயிலுக்கும் காமன் பொட்டலுக்கும் எழுதுகிறார்களா? நூற்றாண்டு கடந்த கோயில்களும் அரசின் காணியில், கம்பனியின் குத்தகைக்குள் நிற்கின்றன. துரை மாறினால், குத்தகை மாறினால், திருவிழாவுக்கு மறுபடியும் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும்.

ஆகவே கோயில் கமிட்டிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வருடத் திருவிழாவுக்குப் பத்திரிகை அடிக்க முந்தி, கோயில் நிற்கும் நிலத்தை அளந்து, உறுதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தோட்டத்தில் எத்தனை சங்கம் இருந்தாலும் எல்லாத் தலைவர்மாரும் அதில் கையெழுத்துப் போடட்டும். வேதக்காரர்கள் தங்கள் சின்னக் கோயிலுக்கும் சேர்த்து அதே கடிதத்தில் கேட்கட்டும். டுபாய்க்காரனிடமும் சொல்லிவிட்டேன். நில அளவைக்கு ஆகும் செலவில் தன் பங்கை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.