மின்பாதைக்கு முதலீடு: கென்யா எங்கே தடுமாறியது?

கென்யாவின் வடக்கே துர்க்கானா ஏரியை ஒட்டி 365 காற்றாலைகள் நிற்கின்றன. மொத்தத் திறன் 310 மெகாவாட். தனியார் முதலீட்டில் எழுந்த அந்தப் பண்ணை 2017-லேயே தயார். அங்கிருந்து நைரோபி பக்கமுள்ள சுஸ்வா வரை சுமார் 430 கி.மீ. மின்பாதை அமைப்பது அரசின் பொறுப்பு. வழியில் நிலம் கிடைப்பது இழுபறியானது, பணியெடுத்த ஸ்பெயின் நிறுவனமும் நொடித்தது. 2018 செப்டம்பரில்தான் பாதை இணைந்தது. அதுவரை எடுக்காத மின்சாரத்துக்கு அரசு இழப்பீடு தர வேண்டியதாயிற்று. வளரும் நாடுகள் பலவற்றில் மின் நிலையத்துக்கு வரும் தனியார் பணம் மின்பாதைக்கு வருவதில்லை. மின் நிலையம் கட்டுபவருக்கு அலகுக்கு இவ்வளவு என்ற நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் கையில் இருக்கிறது. மின்பாதை போடுபவருக்கு யார், எந்தக் கணக்கில் பணம் தருவார் என்பதே பல நாடுகளில் வரையறுக்கப்படவில்லை. தடை பணப் பற்றாக்குறை அல்ல, இந்த வரையறையின்மைதான்.

பிரேசில் இதை 1999-இல் தொடங்கிய ஏலங்களால் தீர்த்தது. எங்கே பாதை வேண்டும் என்பதை அரசு முடிவு செய்கிறது. அதை அமைத்து 30 ஆண்டுகள் பராமரிக்க, ஆண்டுக்கு மிகக் குறைந்த வருவாய் கேட்பவருக்கு உரிமை. எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பது கணக்கில் வராது. பாதை பழுதின்றித் தயாராக இருந்தால் பணம் உண்டு. இந்தியாவிலும் 2011 முதல், சில விலக்குகள் நீங்கலாக, மாநிலங்களுக்கு இடையிலான புதிய பாதைகளுக்குப் போட்டி ஏலமே விதி. பயன்படுத்துவோர் எல்லோரிடமும் கட்டணம் வசூலித்து, ஒரே பொதுக் கணக்கில் சேர்த்து, பாதை உரிமையாளர்களுக்குப் பங்கிடுகிறார்கள். ஒரு மாநில மின்வாரியம் பாக்கி வைத்தாலும் அந்தச் சுமை ஒரே நிறுவனத்தின் தலையில் விழாது. நட்டத்தில் தத்தளிக்கும் மின்வாரியங்கள் உள்ள நாட்டில் முதலீட்டாளர் துணிந்து வருவதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம் என்பேன்.

அரசே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கலாமே என்ற கேள்வி நியாயமானது. வாங்க முடிந்தால் வாங்கட்டும். கடன் வரம்பைத் தொட்டுவிட்ட அரசுகளுக்கு அந்த வழி குறுகிவிட்டது. தாமதத்துக்கும் விலை உண்டு. பொதுச் சொத்து தனியாரிடம் போகிறதே என்ற அச்சம் இன்னும் ஆழமானது. 2024-இல் அதானி குழும நிறுவனத்துடன் கென்யா செய்த 73.6 கோடி டாலர், 30 ஆண்டு மின்பாதை ஒப்பந்தம் திறந்த ஏலத்தில் பிறந்ததல்ல, நிறுவனமே முன்மொழிந்தது. உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. குழுமத் தலைவர் மீது அமெரிக்காவில் வழக்கு பதிவானது தெரியவந்ததும் (குற்றச்சாட்டைக் குழுமம் மறுத்தது) அதிபர் ரூட்டோ ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். கென்ய மக்கள் கேள்வி கேட்டது சரி. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை தனியாரை விலக்குவது அல்ல, விலையை எல்லோர் கண்முன்னும் போட்டிக்கு விடுவது. ஏலம் வைத்தாலே ஆள் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2015-இல் பிரேசிலில் ஏலமிட்ட பல பாதைகளைக் கேட்க ஒருவரும் இல்லை. வருவாய் உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் உயர்த்தி விதிகளைத் திருத்திய பிறகே போட்டி திரும்பியது. அந்த உயர்வு மின்கட்டணத்தில் சேரும் என்பதை நுகர்வோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.