ருசி பார்க்கிறவனும் ஏமாறுகிற சரக்கு

பிரான்சு நாட்டுப் போர்டோ பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒயின் ருசி பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, தோழர்களே? கிளாஸைச் சுழற்றி, நிறம் பார்த்து, முகர்ந்து, ஒரு மடக்கை வாயில் புரட்டிவிட்டுத் துப்பிவிடுகிறார்கள்! “நல்ல சரக்கைத் துப்புறதா?” என்று சிரிப்பீர்கள். ஒரே நாளில் இருபது முப்பது வகை பார்க்கிறவன் எல்லாவற்றையும் விழுங்கினால் நாக்கும் மரத்துப்போகும், தலையும் நிற்காது.

நம் ஆட்களிலும் சிலர், “ஒரு வாய் வச்சாலே சொல்லிடுவேன்” என்பார்கள். ஆனால், கள்ளச் சரக்கில் கலந்த மெத்தனாலை அந்தப் போர்டோ நிபுணன்கூட நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. வாடையும் போதையும் சாதாரணச் சாராயம் மாதிரியேதான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 30 பேருக்கு மேல் இப்படித்தான் செத்தார்கள்.

மெத்தனாலை நம் ஈரல் ஃபார்மிக் ஆசிட்டாக மாற்றுகிறது. ஆமாம், ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறோமே, அதேதான்! அது கண் நரம்பை அழித்துவிடும். தொந்தரவு உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அதனால் வீட்டில், “ராத்திரி குடிச்ச மப்பு, தூங்கட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள்.

தாய்மார்களே, வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு, கண்முன் பனி மூட்டம் என்றால் தூங்க விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வெட்கப்பட்டுக் குடித்ததை மறைக்க வேண்டாம். விஷயம் தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கொடுக்க முடியும். மிச்சப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். கூடக் குடித்தவர் நன்றாக இருந்தாலும் அவரையும் அழைத்துப் போங்கள்.