ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கும் முன்

பழைய தொலைக்காட்சியை மாற்றாமலேயே அதில் இணையவழித் திரைப்படங்களையும் தொடர்களையும் பார்க்கலாம் என்பதால் ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குவோர் பெருகியுள்ளனர். உள்ளங்கையில் அடங்கும் கருப்புப் பெட்டி, ஒரு எச்.டி.எம்.ஐ. கம்பி, வீட்டு வைஃபை; அவ்வளவே தேவை. இதற்கு வங்கியின் இதழில் என்ன இடம் என்று வாசகர்கள் வினவக்கூடும். எங்கள் கிளைக்கு வந்த ஒரு முறையீடே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், எல்லாச் சேனல்களும் எல்லா ஓ.டி.டி. தளங்களும் வாழ்நாள் முழுவதும் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பி, 2,499 ரூபாய்க்கு ஒரு பெட்டியை வாங்கியிருந்தார். பெட்டியை இயக்கியதும் ‘பதிவுக் கட்டணம் 10 ரூபாய்’ என்றொரு பக்கம் திரையில் தோன்றிற்று. ரிமோட்டின் அம்புக்குறிகளை அழுத்தி அழுத்தி, பற்று அட்டையின் எண்ணையும் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் பொறுமையாக உள்ளிட்டார். சில நாட்கள் கழித்துப் பின்னிரவில், அயல்நாட்டு வணிகத் தளம் ஒன்றிலிருந்து அந்த அட்டையின்மீது அடுத்தடுத்து நான்கு கோரிக்கைகள் வந்தன. நான்கும் மறுக்கப்பட்டன. அட்டையில் அயல்நாட்டுப் பரிவர்த்தனை வசதியை அவர் ஒருபோதும் இயக்கியிருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். அயல்நாட்டுத் தளங்கள் பல ஒருமுறைக் கடவுச்சொல் கேட்பதில்லை. அவ்வசதி திறந்திருந்தால் பணம் போயிருக்கும்.

ஆண்ட்ராய்டு பெட்டி என்பது தொலைக்காட்சியின் துணைக்கருவி அன்று. அது ஒரு கணினி. ஆகவே படத்தின் தெளிவைப் பார்ப்பதற்கு முன், அக்கணினிக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதைப் பார்த்தல் வேண்டும்.

சந்தையில் இருவகைப் பெட்டிகள் உள்ளன. ஒன்று, கூகுள் நிறுவனத்தின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டி.வி. அல்லது கூகுள் டி.வி. இயங்குதளம் கொண்டது. மற்றொன்று, யாவரும் எடுத்தாளத்தக்க திறந்தமூல ஆண்ட்ராய்டை எவரோ ஒரு தயாரிப்பாளர் தம் விருப்பப்படி மாற்றி ஏற்றியது. இரண்டாம் வகைப் பெட்டியின் மீதும் ‘ஆண்ட்ராய்டு’ என்றே அச்சிடப்பட்டிருக்கும். அத்தகைய பெட்டிகள் சிலவற்றில் தீநிரல் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வருவது 2023-இல் வெளிச்சத்திற்கு வந்தது. அதற்கு ‘பேட்பாக்ஸ்’ எனப் பெயரிட்டனர். 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு தன் நாட்டில் ஏறத்தாழ 30,000 கருவிகளின் தீநிரல் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொது எச்சரிக்கை விடுத்தது. மறு மாதமே கூகுள் இவ்வலையை இயக்குவோர்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றற்ற கருவிகள் பாதிக்கப்பட்டன என்பது அந்நிறுவனத்தின் கூற்று.

இங்கு ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிடல் நலம். தீநிரல் கொண்ட பெட்டி வீட்டில் இருப்பதனாலேயே கைபேசியிலுள்ள வங்கிச் செயலி திறந்துகொள்ளாது. அச்செயலியின் தகவல் தனியே மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. இடர் வேறு வழிகளில் வருகிறது. பெட்டியில் உள்ளிடும் கூகுள் கடவுச்சொல் பிறர் கைக்குப் போகலாம். மின்னஞ்சலைக் கைப்பற்றியவருக்குப் பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுவது எளிது. நம் இணைய இணைப்பை வாடகை வழிபோல் பயன்படுத்தி வேறெவரோ மோசடி செய்யலாம். அப்போது விசாரணையில் தெரியவருவது நம் வீட்டு இணைப்பே. திரையில் உள்ளிடும் அட்டை விவரம் என்னவாகும் என்பதை மேலே கண்டோம்.

சான்றை எவ்வாறு அறிவது? ஆண்ட்ராய்டு டி.வி. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கூகுள் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டுள்ளது. கடையில் பெட்டியை இயக்கிக் காட்டச் சொல்லி, அமைப்புகளில் ‘பாதுகாப்புத் திருத்த நாள்’ என்னும் வரியைப் பார்க்கலாம். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நாள் இருந்தால் அப்பெட்டியைக் கவனிப்பார் இல்லை என்று பொருள். பிளே ஸ்டோரை விடுத்து வேறிடத்திலிருந்து செயலிகளை நிறுவச் சொன்னாலோ, பாதுகாப்புச் சோதனையை நிறுத்தச் சொன்னாலோ அவ்விடத்திலேயே விலகிவிடலாம். செட்டாப் பெட்டிகளும் அடாப்டர்களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஆயினும் அப்பதிவு மின்பாதுகாப்பைப் பற்றியதேயன்றி, உள்ளிருக்கும் மென்பொருளைப் பற்றியதன்று.

படத்தரத்திற்கு வருவோம். பெட்டியின் மீது ‘4கே’, ‘8கே’ என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், சந்தா செலுத்திப் பார்க்கும் தளங்கள் ‘வைட்வைன் எல்1’ என்னும் பாதுகாப்பு நிலை உள்ள கருவிகளுக்கே உயர்தரப் படத்தை அனுப்புகின்றன. ‘எல்3’ மட்டும் உள்ள பெட்டியில் 480 வரிப் படமே வரும். பெரிய திரையில் அது பழைய வி.சி.டி.யை நினைவூட்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களுக்குத் தனி அங்கீகாரமும் வேண்டும். வீட்டிலிருப்பது முழு எச்.டி. தொலைக்காட்சியானால் 4கே பெட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. 4கே தொலைக்காட்சியானால், எச்.டி.சி.பி. 2.2 ஆதரவுள்ள எச்.டி.எம்.ஐ. துளையில் செருக வேண்டும். சில பழைய தொலைக்காட்சிகளில் அத்தகைய துளை ஒன்றே இருக்கும். நினைவகம் 2 ஜி.பி.யேனும் இருத்தல் நன்று. 4கே படம் மணிக்கு 7 ஜி.பி. வரை தரவை உண்ணும் என்பதையும் கணக்கில் கொள்க.

இனி எங்கள் துறைக் கணக்கு. 4,500 ரூபாய்ப் பெட்டியை மூன்று மாத ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்குகிறோம் எனக் கொள்வோம். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறத்தாழ 235 ரூபாய். கடன் தொகை மாதந்தோறும் குறைந்துவருவதால், இதனை ஆண்டு வட்டியாக மாற்றினால் 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது! சுழிய விழுக்காட்டு வட்டி என்பதே இல்லாத ஒன்று என ரிசர்வ் வங்கி 2013-இலேயே சுட்டிக்காட்டியது. இத்தொகைக்கு ரொக்கமே சிறந்தது. தவணை விற்பதும் எங்கள் தொழிலே எனினும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

சந்தாவைத் தொலைக்காட்சித் திரையில் அட்டை எண் உள்ளிட்டுச் செலுத்த வேண்டா. கைபேசியிலுள்ள அத்தளத்தின் செயலியிலோ, யு.பி.ஐ. வழியாகவோ செலுத்துக. தானியங்கிச் சந்தாவிற்கு, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் நீக்கிவிடுவோரே மிகுதி. யு.பி.ஐ. செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து பாருங்கள். பார்க்காத தளத்திற்கு மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருப்பது தெரியவரலாம்.

ஐயத்திற்குரிய பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், முதலில் அதன் வைஃபை இணைப்பை நீக்குக. பின்னர் கைபேசியிலிருந்து கூகுள் கடவுச்சொல்லை மாற்றி, கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்தும் பெட்டியை அகற்றுக. அட்டை விவரம் உள்ளிட்டிருந்தால் வங்கிச் செயலியில் அட்டையை முடக்கிப் புதிய அட்டை கோருக. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணிலும் வங்கியிலும் உடனே தெரிவிக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தம் கவனக்குறைவால் விவரங்களைக் கொடுத்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். தெரிவித்தபின் நேரும் இழப்பே வங்கியுடையது. மறுநாள் வரை காத்திருப்பதன் விலை இது.

அவ்வாடிக்கையாளர் இப்போது புதிய அட்டை பெற்றுவிட்டார். பெட்டியைத் திருப்பி அனுப்ப முயன்றார். விற்றவரின் எண் அணைக்கப்பட்டிருந்தது. இணைய இணைப்பின்றி, பென் டிரைவில் பேரன் பதிந்து தரும் பழைய பாடல்களை அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.