அஸ்வாங் என்னும் பூதம்

பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிற்றூர்க் கதைகளில், கருவுற்ற பெண் உள்ள வீட்டார் இரவில் "டிக் டிக்" என்னும் ஒலிக்கு அஞ்சுவர். ஒலி உரக்கக் கேட்டால் பூதம் தொலைவில் உள்ளதாம். மெலிய மெலியத்தான் அது கூரையை நெருங்குகிறதாம். காதையே நம்பவொட்டாமற் செய்யும் இக்கற்பனையை வியவாதிருக்க இயலவில்லை.

இப்பூதத்திற்கு அஸ்வாங் என்று பெயர். பகலில் அது அண்டை வீட்டுப் பெண். இரவில் நாயாகவோ பன்றியாகவோ பறவையாகவோ மாறும். மனனங்கல் என்னும் வகை, இடுப்போடு உடலைப் பிரித்து, மேற்பாதி மட்டும் சிறகு விரித்துப் பறக்கும். நின்ற இடத்திலேயே நிற்கும் கீழ்ப்பாதியின்மேல் உப்பைத் தூவிவிட்டால், மீண்டும் பொருந்த மாட்டாமல் விடியலில் மாண்டுபோகும்.

இதன் தோற்றம் யாது? நம் 'அசுரன்' என்ற சொல்லே அஸ்வாங் ஆயிற்று என்பர் சிலர். வடசொற்கள் அத்தீவுகளுக்குச் சென்றது உண்மையே. ஆசிரியரை அங்கே 'குரோ' என்றழைப்பது 'குரு' என்பதன் திரிபு. நெடுங்காலம் அத்தொழில் புரிந்த எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. எனினும் ஒலியொப்புமை ஒன்றே சான்றாகிவிடாது. மனனங்கலின் உறவோ தெளிவானது. மலாய் நாட்டில், தலையும் குடலும் மட்டும் பறக்கும் 'பெனங்கலன்' உண்டு. 'கழற்றுதல்' என்னும் பொருளுடைய ஒரே வேர் இரு சொற்களிலும் உள்ளது.

1589-இல் ஹுவான் டி பிளாசென்சியா என்னும் ஸ்பானியத் துறவி தகாலர் வழக்கங்களைப் பற்றி எழுதினார். அஸ்வாங் பறந்து சென்று மனிதரைத் தின்னும் என்பதும், அது தகாலரிடத்தன்றி விசயா தீவுகளில்தான் உண்டு என்பதும் அதில் காணப்படுகின்றன. அவர் அதை எந்தப் பட்டியலில் வைத்தார் என்பதே கருதத்தக்கது. 'பேயின் பூசாரிகள்' என்ற அப்பட்டியலின் தலையில் நிற்பவர், மக்கள் போற்றிய பழஞ்சமயப் பூசாரி. வழிபாட்டை நடத்தியவரும் நரமாமிசம் உண்பவரும் ஒரே வரிசையில் அமர்த்தப்பட்டனர்.

அத்தீவுகளுள் ஒன்றான பனாயில், உடலை முறுக்கி வாயைக் கோணச் செய்யும் மரபுநோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் 1976-இல் அதை விளக்கினர். கதைக்கு இந்நோயே காரணம் என்பாரும் உளர். ஆனால் நோய் பெரும்பாலும் ஆடவரையே தாக்குகிறது. கதையிலோ அஸ்வாங் பெரும்பாலும் பெண். ஆதலின், முன்பே இருந்த கதைதான் பாவம் அந்நோயாளிகளின் தலையில் ஏற்றப்பட்டது என்று கருதுகிறேன்.

அச்சத்தைப் போர்க்கருவியாக்கியவர்களும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் ஹுக் கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்க உதவிய அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல், 1972-இல் வெளிவந்த தம் நூலில் இதனைக் கூறுகிறார். அஸ்வாங் உலவுவதாக முதலில் வதந்தி பரப்பினர். பின்னர், பிடிபட்ட கிளர்ச்சிக்காரர் ஒருவரின் கழுத்தில் இரு துளைகள் இட்டு, குருதியை வடித்து, உடலை மலைப்பாதையில் கிடத்தினர். உடலைக் கண்ட கிளர்ச்சிப் படை அவ்விடத்தை விட்டே அகன்றதாம்.