கடனா, இரவலா?

கல்முனையில் என்னிடம் கற்ற இளைஞர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் தொழில் புரிகின்றார். உடன் பணிபுரியும் நண்பரிடம் அவர் 1,000 றியால் கடன் வாங்கியிருந்தார். அதனைச் சம்பளத்தில் கழித்துத் தீர்க்கும்படி கணக்குப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினார். 'பொரோ' என்று எழுதவேண்டிய இடத்தில் 'லென்ட்' என்று எழுதிவிட்டார். விளைவு யாதெனில், கடன் கொடுத்த நண்பரின் சம்பளத்திலேயே 1,000 றியால் வெட்டப்பட்டது! மனஸ்தாபம் தீர ஒரு மாதம் சென்றதாம்.

'லென்ட்' என்பது கொடுப்பவர் செயல். 'பொரோ' என்பது வாங்குபவர் செயல். இவ்வளவு எளிதாயிருந்தும் நம் பிள்ளைகள் தடுமாறுவதேன்? தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பக்கத்துக்கும் பொது. கொடு, வாங்கு என்னும் வினைகளே திசையைக் காட்டுகின்றன. ஆங்கிலத்திலோ திசை அந்த ஒரே சொல்லுக்குள் ஒளிந்து கிடக்கின்றது. ஜெர்மானிய மாணவருக்கும் இத்தொல்லை உண்டு. அவர்களுடைய 'லைஹன்' என்னும் வினை இரு திசைக்கும் செல்லும்.

ஐயம் தோன்றும்போது நம் வேற்றுமை உருபை நினைத்துக்கொள்க. 'நண்பனுக்கு' என்று வருமாயின் 'லென்ட்'; 'நண்பனிடமிருந்து' என்று வருமாயின் 'பொரோ', அதனோடு 'ஃப்ரொம்'. 'பேனாவைத் தாருங்கள்' என்று கேட்பதற்கு 'லென்ட் மீ', 'நான் வாங்கலாமா?' என்பதற்கு 'மே ஐ பொரோ'. விடைத்தாள்களில் நான் ஆண்டுதோறும் காணும் 'பொரோ மீ' நியம ஆங்கிலத்தில் செல்லாது.

திசையைப் பிரித்த ஆங்கிலம் பொருளைப் பிரிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அயல்வீட்டில் ஒரு சுண்டு அரிசி வாங்கினால் அதனை உண்டுவிட்டு வேறு அரிசியைத் திருப்பிக் கொடுக்கின்றோம், அது கடன். மண்வெட்டியை வாங்கினாலோ அதே மண்வெட்டி திரும்பவேண்டும், அது இரவல். இரண்டுக்கும் ஆங்கிலேயர் 'பொரோ' என்பர். நம் நூலகங்களில் 'இரவல் வழங்கும் பகுதி' என்று எழுதுகின்றோம். 'கடன் வழங்கும் பகுதி' என்றால் வங்கியென்று எண்ணி ஆட்கள் வந்துவிடுவர்! இஸ்லாமியச் சட்டத்தில் முன்னையது 'கர்ழ்', பின்னையது 'ஆரியத்' என்று முஸ்லிம் நண்பரொருவர் எனக்கு விளக்கினார். உரோமச் சட்டமும் இவ்வாறே பிரித்தது. நம் வீட்டுப் பெண்களோ சட்டம் படியாமலே இவ்வேறுபாட்டை வேலியோரத்தில் பிழையின்றிக் கையாளுகின்றனர்.

இன்னுமொன்று. எடுத்துச் செல்லக்கூடிய பொருளுக்கே 'பொரோ' பொருந்தும். நாற்காலியைக் கேட்கலாம், அயல்வீட்டுக் கிணற்றடியில் குளிக்க விரும்பினால் அங்கே 'யூஸ்' என்பதே வழக்கு.