0 போட்டாலும் போகல, போடாட்டியும் போகல

2021 பிப்ரவரியில் ஒரு காலை, மாமா போன் பண்ணினார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு நூற்பாலையில் நைட் வாட்ச்மேன் அவர். "மாப்ளே, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க, இதுக்கு ஒரு பதில் சொல்லு" என்று ஆரம்பித்தார்.

முந்தின நைட் ஷிப்டில் ஒரு தொழிலாளிக்கு நெஞ்சுவலி. செல்போனையெல்லாம் கேட்டில் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மாமாவின் செல்லில் சார்ஜ் இல்லை. ஆபீஸ் போனில் 108 அடித்திருக்கிறார். ஆளில்லாத குடோனில் மணி அடித்தது. வெளி லைன் எடுத்துத் தொழிலாளியின் மகன் செல்லுக்கு அடித்தால், 0 சேர்த்து டயல் செய்யச் சொல்லி ஒரு குரல். 0 சேர்த்தால் பிஸி டோன். கடைசியில் ஒரு பையன் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ச் சொன்னான். ஆள் பிழைத்துக்கொண்டார்.

"0 போட்டாலும் போகல, போடாட்டியும் போகல. உள்ள எவன்டா உக்காந்திருக்கான்?"

நியாயமான கேள்வி. உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு அட்டவணை.

ஆலை, ஆஸ்பத்திரி, லாட்ஜ் எல்லாவற்றிலும் இருக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி, நாம் அழுத்தும் எண்களை இடமிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கும். முதல் எண் 0 என்றால் வெளி லைன். 1 என்றால் உள்ளே இருக்கும் எக்ஸ்டென்ஷன். மாமாவின் ஆலையில் குடோனுக்கு எக்ஸ்டென்ஷன் எண் 108! பெட்டிக்கு ஆம்புலன்ஸ் தெரியாது, குடோன்தான் தெரியும். 0 அழுத்தி வெளி லைன் எடுத்து, அதற்குப் பிறகு 108 அடித்திருக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் யாருக்கு அது தோன்றும்?

அடுத்தது செல் நம்பர். முன்பெல்லாம் லேண்ட்லைனிலிருந்து தமிழ்நாட்டுக்குள் இருக்கும் செல்லுக்கு 0 இல்லாமலே பேசலாம். 0-வில் தொடங்கினால் அது எஸ்டிடி. எனவே பில் ஏறாமல் இருக்க, "0-வில் தொடங்கும் அழைப்பை விடாதே" என்று பெட்டியில் பூட்டுப் போடுவார்கள். அதுதான் எஸ்டிடி லாக்.

2021 ஜனவரி 15 முதல் விதி மாறியது. லேண்ட்லைனிலிருந்து எந்த செல்லுக்குப் பேசினாலும் முன்னால் 0 கட்டாயம். காரணம் எண் தட்டுப்பாடு. அருப்புக்கோட்டைக்குள் பேச 04566 தேவையில்லை, 2-இல் தொடங்கும் ஆறு எண் போதும். செல் நம்பரும் 2-இல் தொடங்கினால், முதல் ஆறு எண்ணோடு எக்ஸ்சேஞ்ச் உள்ளூருக்கே இணைத்துவிடும். செல்லுக்கு 0 கட்டாயம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. புதிய வரிசைகளை செல்லுக்கு ஒதுக்கலாம்.

ஆக, 0 போடாதபோது தடுத்தது வெளியே இருக்கும் எக்ஸ்சேஞ்ச். போட்டபோது தடுத்தது ஆலைக்குள் இருக்கும் பழைய பூட்டு. ஊருக்கெல்லாம் அறிவித்த விதியை அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், மார்ஷல் நகர ஹோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் நான்கு முறை 911 அடித்தாள். போகவில்லை. அங்கே வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். கேரி இறந்துபோனார். பிறகு அவர் பெயரிலேயே 2018-இல் சட்டம் வந்தது: எந்த முன் எண்ணும் இல்லாமல் 911 போக வேண்டும்.

மாமாவின் ஆலையில் செய்த மாற்றம் சின்னதுதான். 0-வுக்குப் பூட்டு நீக்கம், வெளிநாட்டுக்கான 00-க்கு மட்டும் பூட்டு. குடோன் எண் 208 ஆனது. 108, 112 இரண்டையும் அடித்தால் நேராக வெளியே போகும். பெட்டியைப் பராமரிப்பவருக்கு அரைமணி நேர வேலை.

உங்கள் ஆபீஸ் மேஜை போனிலிருந்து உங்கள் செல்லுக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். 108-ஐ சோதனைக்காக அடிக்க வேண்டாம். அது எங்கே போகும் என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள். மாமா இப்போது போனுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்: "வெளிய பேச ஒரு 0. செல்லுக்கு இன்னொரு 0. ஆம்புலன்ஸுக்கு 0 வேண்டாம்."