கூட்டம் வராத பௌர்ணமி: ஹோட்டல் முதலீட்டு நிறுவனம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இடமும் கட்டடமும் ஒருவருடையது. அண்டா, கிரைண்டர், பர்னர் எல்லாம் அவர் வங்கிக் கடனில் வாங்கிப் போட்டவை. ஆனால் சமைப்பவர் அவரல்ல. பெயர் வாங்கிய ஒரு மாஸ்டர்தான் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறார். போர்டில் இருப்பதும் மாஸ்டர் பெயர்தான். கல்லாவில் விழும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சில ரூபாய் முதலிலேயே மாஸ்டருக்குப் போய்விடும். லாபம் வந்தால் அதிலும் ஒரு பங்கு. சம்பளம், சிலிண்டர், மளிகை, கரண்ட் பில், வட்டி எல்லாம் கட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உரிமையாளருக்கு.

ஹோட்டல் முதலீட்டு நிறுவனமும் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. குருகிராமிலிருந்து இயங்கும் சம்ஹி ஹோட்டல்ஸ் நல்ல உதாரணம். ஸ்ரீபெரும்புதூரிலும் கோவையிலும் உள்ள ஃபேர்ஃபீல்ட் ஹோட்டல்களின் வாசலில் மேரியட் பெயரைப் பார்ப்பீர்கள். கட்டடமும் அதன் மேலுள்ள கடனும் சம்ஹியுடையவை. நலிந்த ஹோட்டல்களை வாங்கி, செப்பனிட்டு, மேரியட், ஹயாத், ஐ.எச்.ஜி. போன்ற பெரிய மாஸ்டர்களிடம் ஒப்படைப்பது அதன் தொழில்.

பௌர்ணமி இரவுக்கு வைத்த சாம்பார் விற்காவிட்டால் விடிந்ததும் கொட்டத்தான் வேண்டும். அறையும் அப்படித்தான். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது, இந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் தினம் தினம் அண்டா அண்டாவாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மெஸ்காரர் முதலில் என்ன செய்வார்? மூன்று அடுப்பில் இரண்டை அணைப்பார். ஹோட்டல்களும் மாடி மாடியாகப் பூட்டின, லிஃப்ட்டை நிறுத்தின, ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. இந்தச் சிக்கனத்தின் சுமை முதலில் விழுந்தது ரூம் பாய், பாத்திரம் தேய்ப்பவர், செக்யூரிட்டி ஆகியோர் தலையில் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அடுத்து, வந்து சாப்பிட ஆளில்லை என்றால் பார்சல். வெளிநாட்டிலிருந்து சிறப்பு விமானங்களில் திரும்பியவர்கள் கட்டணம் கட்டித் தனிமையில் தங்கும் இடங்களாகப் பல ஹோட்டல்கள் மாறின. தாஜ் குழுமம் 2020 ஜூலையில் 'க்யூமின்' என்ற செயலியைத் தொடங்கி, தன் சமையலை வீட்டு வாசலுக்கு அனுப்பியது. இதெல்லாம் கரண்ட் பில்லுக்கும் பாதிச் சம்பளத்துக்கும் உதவியிருக்கும். வட்டிக்குப் போதாது.

வட்டிதான் இந்தத் தொழிலின் அணையாத அடுப்பு. ஒருவர்கூட இலை முன் உட்காராத நாளிலும் அது எரியும். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. மளிகைக் கடைக்காரர் "இப்போ தர வேணாம், நோட்டுல எழுதிக்கிறேன்" என்று சொன்னதற்குச் சமம் அது. அவர் தள்ளுபடி செய்யவில்லை, எழுதித்தான் வைத்தார். 10 சதவீத வட்டியில் 100 கோடி ரூபாய் கடன் என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் ஏறக்குறைய 5 கோடி வட்டி அசலோடு சேர்ந்துவிடும். இனி 105 கோடிக்கு வட்டி. அடுத்து, 2021 மார்ச் 31-ஆம் தேதி மத்திய அரசு தன் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை ஹோட்டல், சுற்றுலாத் துறைக்கு விரித்தது. 2020 பிப்ரவரி கடைசியில் நிலுவையில் இருந்த கடனில் 40 சதவீதம் வரை புதுக் கடன் கிடைக்கும்; ஆறு வருடத் தவணை, முதல் இரண்டு வருடம் அசல் கட்ட வேண்டாம். நம் கணக்கில் 105 கோடி இப்போது 145 கோடியை நெருங்கிவிட்டது. சம்பாதிக்கும் அறைகளின் எண்ணிக்கையோ ஒன்றுகூட ஏறவில்லை.

சம்ஹியின் கணக்கில் இதைப் பச்சையாகப் பார்க்கலாம். 2020-21 நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 179 கோடி ரூபாய், நஷ்டம் சுமார் 478 கோடி. 2022-23-இல் பயணிகள் திரும்பிவிட்டார்கள், வருமானம் சுமார் 761 கோடி. ஆனாலும் 339 கோடி ரூபாய் அளவுக்கு நஷ்டம். பந்தி நிறைந்திருக்கிறது, கல்லா காலியாக இருக்கிறது. வந்த பணத்தைப் பழைய நோட்டு விழுங்குகிறது.

இந்த இடத்தில் இன்னொரு கடன் உதவாது. கூட்டாளிதான் உதவுவார். கடன் கொடுத்தவர் கூட்டம் வராத நாளிலும் வட்டி கேட்பார். கூட்டாளிக்கு லாபம் வந்தால்தான் பங்கு. 2023 செப்டம்பரில் சம்ஹி பங்குச் சந்தைக்கு வந்து சுமார் 1,370 கோடி ரூபாய் வெளியீட்டை நடத்தியது. அதில் 1,200 கோடி புதுப் பங்குகள். அந்தப் பணத்தில் 900 கோடி கடனை அடைக்க என்றே ஒதுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் வேறொரு நிறுவனத்திடமிருந்து ஆறு ஹோட்டல்களை வாங்கியபோதும் ரொக்கம் எண்ணவில்லை, தன் பங்குகளையே விலையாகக் கொடுத்தது. 2025-இல் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி., சம்ஹியின் சில ஹோட்டல்களில் 35 சதவீதத்தைச் சுமார் 750 கோடிக்கு எடுத்துக்கொள்ள ஒப்பந்தமானது. 2024-25 நிதியாண்டில் கணக்கு லாபத்தில் முடிந்தது. அதற்கு விலையாகப் பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கைச் சுருக்கிக்கொண்டார்கள். என் பார்வையில் அது நியாயமான விலைதான்.

திருவண்ணாமலைக்கு வருவோம். இந்த ஊர் லாட்ஜ்களின் வருடக் கணக்கு மாதம் ஒரு பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் நிற்பது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்கு, குளிர்காலத்தில் வந்து தங்கும் வெளிநாட்டவர்கள். 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தில் கோயில்கள் திறந்த பிறகும் கிரிவலத் தடை நீடித்தது. அந்த நவம்பர் 29-ஆம் தேதி மகாதீபத்துக்கு வெளியூர் பக்தர்கள் வர முடியவில்லை. மறுவருடம் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், நாளுக்கு 20,000 பேர் என்று முடிவானது; லட்சக்கணக்கில் கூடும் திருவிழா அது. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27-ஆம் தேதிதான் திரும்பின. ஆக, இரண்டு தீபம், இரண்டு குளிர்காலம், இருபதுக்கு மேற்பட்ட பௌர்ணமி.

லாட்ஜை லீசுக்கு எடுத்து நடத்துகிறவரிடம் அட்வான்ஸ் கொடுத்த ரசீது இருக்கும். கட்டடம் அவருடையதல்ல, அடமானம் வைக்க வழியில்லை. அட்வான்ஸ் தொகையைத் தெரிந்தவரிடம் கைமாற்றாகவோ சீட்டு எடுத்தோ புரட்டியிருந்தால், வங்கி ஏட்டில் அவருக்குக் கடன் நிலுவையே கிடையாது. இல்லாத கடனில் 40 சதவீதம் என்ன கிடைக்கும்? ரிசர்வ் வங்கியின் தவணைத் தள்ளிவைப்பும் அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. கைமாற்று கொடுத்தவருக்கோ சீட்டுக்காரருக்கோ அந்தச் சுற்றறிக்கை பொருந்தாது. பங்குச் சந்தைக் கூட்டாளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரே மழையில் நனைந்தவர்களில் வங்கிக் கடன் வைத்திருந்தவருக்கு மட்டும் குடை கொடுத்த ஏற்பாடு இது. இதில் எனக்கு ஆற்றாமை இருக்கிறது.

உதவியைக் கடன் நிலுவையால் அளந்தது தவறு என்றே நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. கணக்கால் அளந்திருந்தாலும் இவர்கள் விடுபட்டிருப்பார்கள். 2022 ஜூலை வரை நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கீழான அறைகளுக்கு அந்த வரியே இல்லை. எத்தனை அறை, அரசு உத்தரவால் எத்தனை நாள் அடைப்பு என்பதை உள்ளாட்சி உரிமத்தை வைத்தே கணக்கிட்டு, நிலையான மின்கட்டணத்திலும் சொத்து வரியிலும் கழித்திருக்கலாம். அப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை லீசுக்கு எடுப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. அரசு உத்தரவால் கோயிலோ கிரிவலமோ நிறுத்தப்பட்டால் அந்த மாதங்களுக்கு வாடகை எவ்வளவு என்று, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே லீஸ் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வது.